கிரேட்டிங் நிறமாலையில் வேகாவுக்கு 6000 கெல்வின்தான் வருகிறது. எங்கே தவறு?

விண்மீன்_80 கேட்டது:

வணக்கம். 80 மி.மீ. விட்டமும் 400 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட ஒளிவிலகல் தொலைநோக்கி, 12 பிட் கருப்பு வெள்ளை கேமரா (3.75 மைக்ரான் பிக்சல், 1280 × 960), சென்சாருக்கு 40 மி.மீ. முன்னால் மில்லிமீட்டருக்கு 100 கோடுள்ள கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடு). பிளவு எதுவும் இல்லை. இதை வைத்து எடுத்த நிறமாலைகளில் ஒளி எந்த அலைநீளத்தில் உச்சம் தொடுகிறது என்று பார்த்து வியன் விதியில் (சூடு ஏற ஏற உச்ச அலைநீளம் குறையும் என்னும் விதி) போட்டால் கிடைப்பது இது (ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு):

வேகா: உச்சம் 4830 ஆங்ஸ்ட்ராம், 6000 கெல்வின்
கபெல்லா: உச்சம் 5250 ஆங்ஸ்ட்ராம், 5520 கெல்வின்
திருவாதிரை: உச்சம் 6040 ஆங்ஸ்ட்ராம், 4800 கெல்வின்

வேகா சுமார் 9600, திருவாதிரை சுமார் 3600 என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. சூடு குறையும் வரிசை சரியாக வருகிறது, எண்கள்தான் எல்லாம் நடுவில் வந்து குவிகின்றன.

இன்னொரு சந்தேகம். வேகாவும் டெனெபும் இரண்டுமே ஏ வகை. வேகாவில் ஹைட்ரஜன் கோடுகள் பளிச்சென்று பள்ளமாகத் தெரிகின்றன, டெனெபில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபோகஸ் போய்விட்டதா, உண்மையிலேயே அப்படித்தானா? கடைசியாக, பட்டியலைப் பார்க்காமல் என் படத்தை மட்டும் வைத்து ஒரு விண்மீனுக்கு ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற வகை எழுத்தை (சூடானதிலிருந்து குளிர்ந்தது வரை) தருவது எப்படி?

நிறமாலை_நோக்கர்:

வகுத்ததில் பிழையில்லை. வகுக்க எடுத்துக்கொண்ட உச்சம்தான் விண்மீனுடையது இல்லை.

கேமராவில் விழுந்த வளைவு நான்கு விஷயங்கள் பெருக்கிக் கிடைத்தது: விண்மீன் அனுப்பிய ஒளி, அதில் காற்று விட்டுவைத்த பங்கு, லென்ஸும் கிரேட்டிங்கும் கடத்திய பங்கு, சென்சார் உணர்ந்த பங்கு. சிலிக்கன் சென்சார் பச்சைப் பகுதியில்தான் நன்றாக உணரும். 4000-க்குக் கீழேயும் 8000-க்கு மேலேயும் அது படுத்துவிடும். எந்த விண்மீனைக் காட்டினாலும் உச்சத்தை அது தன் பக்கம் இழுக்கும். உங்கள் எண்கள் 4800-க்கும் 6000-க்கும் இடையே நெருக்கியடிப்பது அதனால்தான்.

வேகாவுக்கு வியன் விதி சொல்லும் உச்சம் 3020 ஆங்ஸ்ட்ராம். அது புற ஊதாவில், ஓசோன் தடுத்து நிறுத்தும் எல்லையில் இருக்கிறது. தரையிலிருந்து பார்க்க வழியில்லை. திருவாதிரைக்கு 8050, அங்கே உங்கள் சென்சாருக்குப் பார்வை மங்கல். உச்சத்தைத் தேடி வெப்பநிலை சொல்வது கேட்க அழகான யோசனை, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது பெரும்பாலான விண்மீன்களுக்கு எடுபடாது. ஆனாலும் கருவியின் சாயலை நீக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. செய்முறை இப்படி:

வகை திட்டவட்டமாகத் தெரிந்த, கோடுகள் குறைவான ஒரு விண்மீனை எடுங்கள். ஏ0 முதல் ஏ5 வரையிலான (எண் என்பது வகையின் உட்பிரிவு) முதன்மை வரிசை மீன்கள், அதாவது இன்னும் பெருமீனாக ஊதாத இயல்பான மீன்கள், இதற்கு வசதி, வேகாவே போதும். அது உயரத்தில் இருக்கும்போது எடுங்கள். மற்ற மீன்களை அதே இரவில், முடிந்தவரை அதே உயரத்தில் எடுங்கள். டார்க் படத்தை (மூடியிட்டு எடுத்த இருட்டுப் படத்தை) கழித்து, நிறமாலையைக் கிடைமட்டமாகத் திருப்பி, பட்டையின் மேலும் கீழும் உள்ள வெற்று வானத்தின் அளவைக் கழித்து, நெடுக்குப் பிக்சல்களைக் கூட்டி ஒற்றை வளைவாக்குங்கள். அலைநீளத்தைப் பொருத்திய பிறகு, அதே வகைக்கான நூலக நிறமாலையால் வகுங்கள். பிக்கிள்ஸ் 1998-ல் வெளியிட்ட 131 நிறமாலைகளின் தொகுப்பை இதற்குப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். வகுத்து வருவதுதான் உங்கள் கருவியின் உணர்திறன் வளைவு, அந்த நேரத்துக் காற்றும் அதில் கலந்திருக்கும். இனி எடுக்கும் ஒவ்வொரு மீனையும் அந்த வளைவால் வகுக்க வேண்டும்.

வேலை கெடுவது பெரும்பாலும் வளைவை மென்மையாக்கும் இடத்தில்தான். உங்கள் நிறமாலையின் துல்லியமும் நூலகத்தின் துல்லியமும் ஒன்றாக இருக்காது. அதனால் ஹைட்ரஜன் கோடுகள் முழுதாக அடிபடாமல், வளைவில் சின்னச் சின்னப் பள்ளமும் மேடுமாகத் தங்கிவிடும். அதை அப்படியே விட்டால் பின்னால் எடுக்கும் எல்லா மீன்களிலும் 4861-லும் 6563-லும் பொய்க்கோடு முளைக்கும். கோடுகள் உள்ள இடங்களையும் ஆக்சிஜன் பட்டைகளையும் வெட்டி எடுத்து, நடுவே நேர்கோட்டால் இணைத்து, அதன் பிறகு தாராளமாக மென்மையாக்குங்கள். கருவியின் உணர்திறன் மெதுவாகத்தான் மாறும், 50 ஆங்ஸ்ட்ராமுக்குள் எகிறிக் குதிக்காது. வளைவில் அப்படி ஒரு குதிப்பு தெரிந்தால் அது எச்சம்.

உயரத்தை வலியுறுத்தக் காரணம் உண்டு. தொடுவானிலிருந்து 30 பாகையில் நிற்கும் மீனின் ஒளி, தலைக்கு மேல் நிற்பதைப்போல் இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. காற்று நீலத்தைத்தான் அதிகம் தின்னும். வேகாவை உச்சியிலும் திருவாதிரையைத் தாழ்விலும் எடுத்து ஒரே வளைவால் வகுத்தால், திருவாதிரை இருப்பதைவிடச் சிவப்பாகத் தெரியும்.

கபெல்லாவை ஜி வகைக்கு மாதிரியாக வைக்க வேண்டாம். அது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பெருமீன்கள், இரண்டின் ஒளியும் சேர்ந்தே உங்கள் கிரேட்டிங்கில் விழுகிறது.

கிரேட்டிங்_பட்டறை:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா அலைநீளம் சரியா உட்காரலைன்னா அதுக்கப்புறம் செய்யறது எல்லாமே வீண், அதனால அதை மட்டும் சொல்றேன்.

உங்க அமைப்புக்குக் கணக்கு இதுதான். 100 கோடு கிரேட்டிங்ல கோட்டுக்குக் கோடு இடைவெளி 1,00,000 ஆங்ஸ்ட்ராம். அதைப் பிக்சல் அளவால (0.00375 மி.மீ.) பெருக்கி, சென்சார் தூரத்தால (40 மி.மீ.) வகுத்தா பிக்சலுக்கு 9.375 ஆங்ஸ்ட்ராம். இது தோராயம்தான், இதை வச்சே அளவு குறிச்சிடாதீங்க. ஸ்கேல் வச்சு 40-ன்னு அளந்தது உண்மையில 39.5-ஆ இருந்தா, பிக்சலுக்கு 9.49 ஆயிடும். ஹெச்-ஆல்ஃபா (ஹைட்ரஜனோட சிவப்புக் கோடு) இருக்கற இடத்துல அந்த வித்தியாசம் 80 ஆங்ஸ்ட்ராம் வரைக்கும் போகும். அரை மில்லிமீட்டர் தப்புக்கு இவ்வளவு!

அதனால தூரத்தை வானத்துலயே அளந்துக்குங்க. வேகா படத்துல, கிரேட்டிங் விலக்காம நேரா வந்து விழற புள்ளி இருக்கில்லையா, அதோட மையத்துலேருந்து ஹெச்-பீட்டா (ஹைட்ரஜனோட அடுத்த கோடு) பள்ளத்தோட அடி வரைக்கும் எத்தனை பிக்சல்னு எண்ணுங்க. 512 வந்தா 4861.3-ஐ அதால வகுங்க, 9.495. அப்படின்னா ஹெச்-காமா (4340.5) 457-லயும், ஹெச்-டெல்டா (4101.7) 432-லயும், ஹெச்-ஆல்ஃபா (6562.8) 691-லயும் இருக்கணும். ஒண்ணு ரெண்டு பிக்சல் தள்ளி இருந்தா நேர்கோட்டுக்குப் பதிலா இருபடிச் சமன்பாடு போடுங்க. பத்து பிக்சல் தள்ளினா நீங்க பிடிச்சது வேற கோடு. வேகாவுல மூணு பள்ளம் கிட்டகிட்ட நிக்கறப்போ ஹெச்-காமாவை ஹெச்-பீட்டான்னு எடுத்துக்கறது ரொம்ப சகஜம். இடைவெளி நீலத்துப் பக்கம் போகப்போக நெருங்கும், அதுதான் அடையாளம்.

எக்ஸ்போஷர்: 12 பிட்ல உச்சம் 4095. நிறமாலையோட மிகப் பிரகாசமான இடம் 2500-லேருந்து 3000-க்குள்ள நிக்கட்டும். நேர்ப்புள்ளி நிரம்பி வழிஞ்சாலும் பரவாயில்ல. ஆனா அது வழிஞ்சு கோணிப்போச்சுன்னா மையம் தப்பா வரும், அப்போ நாலு ஹைட்ரஜன் கோட்டை மட்டும் வச்சு அளவு குறிங்க. கேமரா 8 பிட்ல ஓடுதான்னு ஒரு தரம் பாத்துடுங்க.

ஃபோகஸை நேர்ப்புள்ளியில வைக்காதீங்க. ஒளிவிலகல் தொலைநோக்கியில நீலமும் சிவப்பும் ஒரே இடத்துல குவியாது. நிறமாலைப் பட்டை நடுவுல மெலிசா இருந்து நீல நுனியில மீன்வால் மாதிரி விரியுதுன்னா காரணம் அதுதான். ஹெச்-பீட்டா பள்ளத்தைப் பாத்துக்கிட்டே, அது எவ்வளவு ஆழமா ஆகுதோ அந்த இடத்துல நிறுத்துங்க. வகைப்படுத்தறதுக்குத் தேவையான கோடுங்க பெரும்பாலும் 3900-லேருந்து 5200-க்குள்ளதான் இருக்கு, அங்கதான் கூர்மை வேணும்.

7600-க்கு மேல நம்பாதீங்க. கிரேட்டிங் ரெண்டு மடங்கு விலக்கி உண்டாக்கற ரெண்டாவது வரிசை நிறமாலையோட 3800 அங்கதான் வந்து ஏறும். நீல மீன்கள்ல இது கண்கூடாத் தெரியும்.

சாகா_சமன்பாடு:

டெனெப் கேள்வியைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன். இந்தத் திரியில் கேட்டதிலேயே ஆழமானது அதுதான்.

ஃபோகஸா, உண்மையா என்று கண்டுபிடிக்க ஒரு நேரடிச் சோதனை இருக்கிறது. பள்ளத்தின் ஆழத்தை விட்டுவிட்டு அதன் பரப்பளவை அளங்கள். கோட்டின் இருபுறமும் உள்ள தொடர்ச்சியை (கோடு விழாத இடத்து ஒளியளவை) 1 என்று வைத்து, பள்ளத்தில் குறைந்த ஒளி முழுவதையும் கூட்டினால் ஒரு எண் ஆங்ஸ்ட்ராமில் கிடைக்கும். சமான அகலம் என்பது அதுதான். ஃபோகஸ் மங்கினால் பள்ளம் ஆழம் குறைந்து அகலமாகும், பரப்பு மாறாது. ஆகவே மங்கல் படத்திலும் இந்த எண் ஏறக்குறைய அதேதான் வரும். ஹெச்-காமாவில் வேகாவுக்குப் பத்து ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் வரும், டெனெபுக்கு அதில் ஒரு சிறு பங்கே வரும். இந்த வித்தியாசம் உங்கள் படத்திலும் வந்தால் ஃபோகஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. டெனெபில் ஹெச்-ஆல்ஃபாவை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அதிலிருந்து வீசும் விண்மீன் காற்றின் உமிழ்வு அந்தக் கோட்டை ஓரளவு நிரப்பிவிடும், அதுவும் நாளுக்கு நாள் மாறும்.

காரணம் அழுத்தம். வேகா முதன்மை வரிசையில் உள்ள அடர்த்தியான மீன். அதன் மேற்பரப்பில் ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவையும் சுற்றி அயனிகளும் எலெக்ட்ரான்களும் நெருக்கமாக ஓடுகின்றன. அவற்றின் மின்புலம் அணுவின் ஆற்றல் மட்டங்களை ஆட்டிவைக்கிறது, கோடு இருபுறமும் இறக்கை விரித்தாற்போல் அகலமாகிறது. டெனெப் சூரியனைப்போல் நூறு மடங்குக்கு மேல் ஊதிய மீப்பெருமீன். மேற்பரப்பில் ஈர்ப்பு வேகாவினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, வாயு மிக ஐதாக இருக்கிறது. மின்புல நெருக்கடி இல்லாததால் கோடு ஒல்லியாகவே நிற்கிறது. ஏறக்குறைய ஒரே வெப்பநிலை, ஒரே ஹைட்ரஜன், கோடு மட்டும் வேறு. கோட்டின் அகலத்தைப் பார்த்தே இது குள்ளனா, ராட்சதனா என்று சொல்லிவிடலாம். மார்கன், கீனன், கெல்மன் மூவரும் 1943-ல் எழுத்துக்குப் பக்கத்தில் ஒளிர்வு வகுப்பையும் சேர்த்ததற்கு அடிப்படை இப்படிப்பட்ட வித்தியாசங்கள்தான். வேகா ஏ0, ஐந்தாம் வகுப்பு. டெனெப் ஏ2, முதல் வகுப்பு.

இனி எழுத்து தருவது. முதலில் ஹைட்ரஜனைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஹைட்ரஜன் கோடுகள் உண்டாக எலெக்ட்ரான் இரண்டாம் மட்டத்தில் இருக்க வேண்டும். அங்கே ஏற 10.2 எலெக்ட்ரான் வோல்ட் தேவை. 6000 கெல்வினில் அப்படி ஏறிய அணுக்கள் மிகச் சொற்பம். 20,000 கெல்வினில் எலெக்ட்ரான் அணுவையே விட்டுப் போயிருக்கும், அதற்கு 13.6 போதும். இடையில் பத்தாயிரத்தை ஒட்டித்தான் கோடு உச்சம் தொடும். மேகநாத் சாகா 1920-ல் தந்த அயனியாக்கச் சமன்பாடு இதற்குக் கணக்கு கொடுத்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சிசிலியா பெய்ன் 1925-ல், வகைகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு முதன்மையாக வெப்பநிலையால் வருகிறது, விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று காட்டினார். எழுத்துகள் அகர வரிசையில் இல்லாமல் கலைந்து கிடப்பதற்கும் இதுவே விளக்கம். முதலில் ஹைட்ரஜன் கோட்டின் வலிமையை வைத்து ஏ, பி என்று பெயரிட்டார்கள். பிறகு ஆனி ஜம்ப் கேனன் பல எழுத்துகளை நீக்கி, மற்றக் கோடுகளும் தொடர்ச்சியாக மாறிவரும்படி ஓ-விலிருந்து எம் வரை அடுக்கினார். 1918 முதல் 1924 வரை வெளியான ஹென்றி டிரேப்பர் பட்டியலில் அவர் வகைப்படுத்திய இரண்டேகால் லட்சம் விண்மீன்கள் இருக்கின்றன.

ஆகவே நடுத்தர வலிமையுள்ள ஹைட்ரஜன் கோடு ஒரு பி5-லும் வரும், ஒரு எஃப்0-விலும் வரும். சந்தேகத்தைத் தீர்ப்பவை மற்றக் கோடுகள். 3934-ல் கால்சியத்தின் கே கோடு ஆழமாக இருந்தால் எஃப் பக்கம், அது இல்லாமல் 4471-ல் ஹீலியம் லேசாகத் தென்பட்டால் பி பக்கம். உங்கள் லென்ஸ் 3934-ஐ மங்கலாகத்தான் தரும் என்பதால் அந்த இடத்தில் எக்ஸ்போஷரைக் கூட்டித் தனிப்படம் எடுங்கள். ஜி-க்கு வந்தால் 4300 அருகே கார்பன்-ஹைட்ரஜன் மூலக்கூறின் பட்டையும், 5175 அருகே மக்னீசியமும் எழும். கே-யில் 4227 கால்சியமும் 5893 சோடியமும் வலுக்கும், ஹைட்ரஜனைக் காண்பது அரிது. எம்-மில் தவறவே முடியாது. டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள் நீலப்பக்கம் கத்தியால் வெட்டினாற்போலக் கூராகவும், சிவப்புப் பக்கம் சரிந்து மங்குவதாகவும் இருக்கும். 4955, 5167, 5448, 6159, 7054 ஆகிய இடங்களில் அந்த விளிம்பைத் தேடுங்கள். திருவாதிரை முழுக்க இந்தப் பட்டைகள்தான். எவ்வளவு திருத்தினாலும் அதில் உச்சம் தேடுவது பொருளற்றது, ஏனென்றால் மேடு எங்கே நிற்கும் என்பதைப் பட்டைகளே முடிவு செய்கின்றன.

பிளவு இல்லாத உங்கள் அமைப்பில் விண்மீனின் பிம்பமே பிளவு. பிம்பம் 4 பிக்சல் பரவினால் 38 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த எதையும் பிரித்துக் காண முடியாது. ஓ வகையின் உட்பிரிவுக்குத் தேவையான 4541 அயனி ஹீலியத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

வடிகட்டி_விவி:

நிறமாலை எடுக்க முடியாத அளவு மங்கிய மீன்களுக்கு ஒரு வார்த்தை. ஜான்சனும் மார்கனும் 1953-ல் வகுத்த யு, பி, வி (புற ஊதா, நீலம், பச்சை-மஞ்சள்) வடிகட்டிகளில் பி-யிலும் வி-யிலும் தனித்தனியே படம் எடுத்து, அருகிலுள்ள தெரிந்த மீன்களோடு ஒப்பிட்டு, பி-யின் பொலிவெண்ணிலிருந்து (பிரகாச அளவு, மங்கினால் எண் கூடும்) வி-யினுடையதைக் கழித்தால் நிறக்குறியீடு கிடைக்கும். வேகாவுக்கு 0.00, சூரியனுக்கு ஏறக்குறைய 0.65. நிறக்குறியீட்டை நி என்று வைத்தால் பாலெஸ்டெரோஸ் தந்த சூத்திரம்:

வெப்பநிலை = 4600 × [1 ÷ (0.92 நி + 1.7) + 1 ÷ (0.92 நி + 0.62)]

நி = 0.65 என்று போட்டால் 5778 கெல்வின். சூரியனின் 5772-க்கு அருகில் வந்துவிடுகிறது.

இதை நம்பிக் கவிழும் இடத்தையும் காட்டிவிடுகிறேன். நிறக்குறியீடு 0.50 என்று அளந்த ஒரு மீனுக்குச் சூத்திரம் 6390 கெல்வின் தரும், எஃப் வகை என்று எழுதிவிடுவோம். அதே மீனின் நிறமாலையில் ஹீலியம் கோடுகள் இருந்து, அது முதன்மை வரிசையில் பி0 என்று தெரியவந்தால் கதையே மாறுகிறது. பி0-வின் இயல்பு நிறம் −0.30. ஆக 0.80 அளவு சிவப்பு, வழியிலுள்ள தூசி சேர்த்தது. அதைத் தூசிக்கான வழக்கமான விகிதமான 3.1-ஆல் பெருக்கினால் வி-யில் தூசி மறைத்தது 2.48 பொலிவெண், அதாவது ஒளி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகியிருக்கிறது. உண்மை வெப்பநிலை 30,000-ஐ ஒட்டி இருக்கும். தூசியைக் கணக்கில் சேர்க்காமல் பொலிவை வைத்துத் தூரம் போட்டால், மீன் உள்ளதைவிட மூன்று மடங்கு தொலைவில் இருப்பதாக வரும்.

தூசி வளைவின் சாய்வைத்தான் மாற்றும். ஹீலியம் கோட்டை அழிக்காது, ஹைட்ரஜன் கோட்டின் அகலத்தைத் தொடாது. வகையை எப்போதும் கோடுகளிலிருந்து எடுங்கள், நிறத்தை அதற்குப் பிறகு தூசியை அளக்கப் பயன்படுத்துங்கள்.

விண்மீன்_80:

எல்லோருக்கும் நன்றி. அலைநீளத்தை நான்கு ஹைட்ரஜன் கோடுகளை வைத்து மறுபடி குறித்தேன், சென்சார் தூரம் 39.6 மி.மீ. என்று வருகிறது. ஹெச்-காமாவில் டெனெபின் சமான அகலம் வேகாவினுடையதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, ஃபோகஸ் தப்பித்தது. இன்னும் இரண்டு விஷயம். எல்லா மீன்களிலும் 6870-லும் 7600-லும் ஒரே மாதிரிப் பள்ளம் வருகிறது. அடுத்து, வேறொரு ஏ மீனை வைத்து உணர்திறன் வளைவு போட்டு வேகாவைத் திருத்தினேன். உச்சம் இப்போது 4000-க்கு நகர்ந்திருக்கிறது, ஆனாலும் வியன் விதி 7250 கெல்வின்தான் தருகிறது.

நிறமாலை_நோக்கர்:

அந்த இரண்டு பள்ளமும் நம் காற்றிலுள்ள ஆக்சிஜன். மீன் தாழ்ந்து வந்தால் ஆழமாகும். அழித்துவிடாதீர்கள், அலைநீளம் சரிதானா என்று சோதிக்க ஒவ்வொரு படத்திலும் இலவசமாகக் கிடைக்கும் அடையாளம் அது.

4000 சரியான விடைதான், உங்கள் திருத்தம் வேலை செய்திருக்கிறது. வேகா கரும்பொருள் (வியன் விதி அப்படியே பொருந்தும் லட்சிய ஒளிமூலம்) போல ஒளிர்வதில்லை. இரண்டாம் மட்டத்திலுள்ள ஹைட்ரஜன், 3646 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த அலைநீள ஒளியை வாங்கி எலெக்ட்ரானை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த இடத்தில் தொடர்ச்சி செங்குத்தாக விழுகிறது. அதற்குச் சற்று முன்னால் ஹைட்ரஜன் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி ஒளியைத் தின்கின்றன. மிச்சமுள்ள மேடு 4000-ஐ ஒட்டி நிற்பது அதனால்.

இனி வியன் விதியை விட்டுவிட்டு, திருத்திய வேகா வளைவின் மேல் நூலகத்தின் பி8, ஏ0, ஏ2, ஏ5, எஃப்0 நிறமாலைகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். ஏற்றும் முன் நூலக நிறமாலையையும் 38 ஆங்ஸ்ட்ராமுக்கு மங்கலாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதன் கோடுகள் எப்போதும் உங்களுடையதைவிட ஆழமாகவே தெரியும். 5500-ல் இரண்டையும் 1 என்று சமன்செய்து, ஹெச்-டெல்டாவும் ஹெச்-காமாவும் எதில் ஒட்டிப் படிகின்றன என்று கவனியுங்கள். இந்தத் துல்லியத்தில் இரண்டு உட்பிரிவு முன்பின் வருவது இயல்பு. ஏ0-க்கும் ஏ2-க்கும் இடையே முடிவெடுக்க முடியாமல் நின்றால் கே கோட்டைத் தனிப்படத்தில் பாருங்கள், ஏ0-வில் அது மிக மெல்லியது, ஏ5-ஐ நோக்கிப் போகப்போகத் தடிக்கும்.